தமிழ்மாறனின் இரண்டாவது தலை

“கீறல் விழுந்த கண்ணாடிக்கு என் பட்டறையில ஒரு நிமிஷத்துக்கு மேல ஆயுசு கெடையாது!” என்று கலைக் கல்லூரி மாணவர்கள் முன்னால் மார்தட்டியவர் பட்டினப்பாக்கம் ஜோதிலட்சுமி. வெறும் பேச்சல்ல. பதினோரு வருடங்களில் கண்ணாடி மீன்கள் நாற்பது, காளைகள் ஏழு, முழுநீளப் பெண்மணி ஒருவர் ஆகியோரை அவர் சுத்தியலால் அடித்துக் கொன்றிருக்கிறார்.

கொலைக்களம் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை. உருவத்தை மெழுகில் பிடிப்பவர் அவர். அச்செடுத்து, சூளையில் கண்ணாடியை உருக்கி வார்ப்பவர் கணவர் தமிழ்மாறன். குறை தெரிந்தால் தண்டனையை நிறைவேற்றும் உரிமை மனைவிக்கு மட்டும். சில்லுகள் அடுத்த வார்ப்புக்குள் போகும். ஆகவே அவர்களுடைய எந்தச் சிற்பத்தைத் தடவினாலும் பழைய பிணங்கள் ஐந்தாறைத் தடவியதாகும்.

இந்த முறை சூளைக்குள் இருந்தது தமிழ்மாறனின் தலை. ஜோதிலட்சுமி எட்டு மாதம் மெழுகில் பிடித்த தலை. அடுத்த வாரம் அடையாறில் இருவருக்கும் முதல் கண்காட்சி. நடு இடம் அதற்குத்தான். வார்த்த கண்ணாடி எட்டு நாள், மூடிய சூளைக்குள்ளேயே ஆற வேண்டும். ஐந்தாம் நாள் காலை, தன் மூக்கு எப்படி வந்திருக்கிறதென்று பார்க்க, மூக்குக்கு உரியவர் மூடியை நாலு விரல் தூக்கினார். காற்று புகுந்தது. டப்! நெற்றியிலிருந்து மோவாய் வரை பிளவு.

“யோவ், மூஞ்சியப் பாக்கணும்னா ஊட்ல செவுத்துல மாட்டிகீதே, அதுல பாக்கறதுக்கு இன்னா?”

“அதுல சொட்டை தெரியுது லச்சு.”

முதலில் பறந்தது டீ கிளாஸ். அடுத்து இடுக்கி. தமிழ்மாறனும் மானஸ்தர், பிளாஸ்டர் வாளியை வீசினார், ஜன்னல் போயிற்று. பதிலுக்கு வந்த செங்கல் அவருடைய அசல் நெற்றியைப் பிளந்தது. வெள்ளைப் பொடியில் ரத்தம் சொட்டியது.

பக்கத்து லேத் பட்டறை முத்துகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். “அக்கா, எந்தத் தலைய ஒடைக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒடை. ஆட்டோ சொல்லணுமா வேணாமா?”

“நீ போய் ஒன் வேலையப் பாருய்யா!”

தமிழ்மாறன் துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு, மறு கையால் சுத்தியலை எடுத்து நீட்டினார்.

“ஒடைச்சுடு லச்சு. நான்தான் கெடுத்தேன். நடுவுல மீன வெச்சுக்கலாம்.”

வெளியே போய்ச் சுவரோரம் குந்தி, காதுகளைப் பொத்திக்கொண்டார். நெடுநேரமாகியும் தகரம் அதிரவில்லை. மெதுவாக எட்டிப் பார்த்தார்.

சுத்தியல் தரையில் கிடந்தது. ஜோதிலட்சுமி சூளையைத் திரும்ப மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி, இம்மி காற்றும் புகாதபடி, தீப்பிடிக்காத சூளைப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார்.