கோபாலசாமிக்கு இல்லாத பன்னிரண்டு ஏக்கர்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் கோபாலசாமியைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். சிப் டெஸ்டிங் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்பது ஒன்று. கம்பத்தில் பன்னிரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டு அமெரிக்கா வந்தவர் என்பது இன்னொன்று. நாற்காலி நிஜம். தோட்டமோ, தான் வாய் திறக்காமலேயே வளர்ந்துவிட்டது என்று அவர் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வார். வாயைத் திறந்ததால்தான் வளர்ந்தது.

எல்லாம் 'நம்ம' என்ற ஒரு சொல்லால் வந்த வினை. ஊரில் எதுவும் எல்லோருக்கும் நம்மதுதான். நம்ம டாக்டர், நம்ம பஸ், நம்ம தியேட்டர். தியேட்டரில் உனக்கு எத்தனை பங்கு என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில், நான்கு வயது வெண்பாவைத் தூங்கவைக்கும்போது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மயில்சாமி என்பவருக்குச் சொந்தமாக இருந்த தோட்டத்தை 'நம்ம தோட்டம்' என்று சொல்லிவிட்டார். "நம்ம தோட்டத்துல பந்தல் தலைக்கு மேல இருக்கும்டா. அண்ணாந்து பார்த்தா வானம் தெரியாது, பழம்தான் தெரியும்." பிள்ளை கலிஃபோர்னியாவில் பிறந்தது. 'நம்ம' என்றால் பத்திரம் பதிந்த சொத்து என்று எடுத்துக்கொண்டு மறுநாள் டேகேரில் போய்ச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் கூட்டிவரப் போனபோது டேகேர் டீச்சர் "வாவ்" என்றாள். மயில்சாமி தோட்டம் மேடம், நமக்கு ஒன்றும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 'வாவ்' அவருக்குப் பிடித்துப்போனது. ஆபீஸில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அடுத்த பொங்கல் பாட்லக்கில் ஒருவர் எத்தனை ஏக்கர் என்று கேட்டார். பத்து என்றால் பொய் மாதிரி இருக்கும் என்று பன்னிரண்டு என்றார்.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வெண்பா கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை எழுதினாள். தாத்தாவின் திராட்சைப் பந்தல், அதன் நிழல், அந்த நிழலிலிருந்து அப்பா கடல் தாண்டி வந்தது. படித்துப் பார்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்தாள். கோபாலசாமி முழுசாகப் படித்தார், இரண்டு கமாவைத் திருத்தினார், திருப்பிக் கொடுத்தார். கல்லூரி கிடைத்த அன்று வீட்டில் எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள். அவர் மட்டும் தன் பங்கை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்.

இப்போது வெண்பாவுக்கு இருபத்துநான்கு வயது, சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலை. அப்பாவின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு மேப் அனுப்பினாள். லிவர்மோர் பள்ளத்தாக்கில் ஆறு மைல், ஒயின் செய்து ருசிபார்க்கக் கொடுக்கும் நான்கு ஒயினரி, கைடு கிடையாது, மேப்பைப் பார்த்துக்கொண்டு தாங்களே தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டியது. "யூ மஸ்ட் மிஸ் இட் ஸோ மச், அப்பா" என்று கீழே எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரிலேயே லிவர் இருக்கிறதே என்று கோபாலசாமி தமாஷ் பண்ணிப் பார்த்தார். தனக்கே எடுபடவில்லை. கொடியும் இலையும் தெரிந்த மனிதர்கள் நடுவில் போய் மாட்டினால், இருபது வருடமாகத் தன்னை நம்பிய பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மனைவி கண்மணிக்கு எல்லாம் தெரியும். உடுமலைப்பேட்டைக்காரி. கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய அப்பா கம்பத்தில் நாலு பேரிடம் விசாரித்திருந்தார். "சனிக்கிழமை வேண்டாம், புரட்டாசி. ஞாயித்துக்கிழமை போங்க" என்றாள்.

"நீயும் வாயேன், கண்மணி."

"எனக்கு முழங்கால் வலி. தோட்டக்காரர் நீங்க போயிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்க ஆரம்பித்தார்கள். முதல் ஒயினரியில் ஒரு பெண் நாலு கிளாஸில் ஒவ்வொரு விரற்கடை ஊற்றி, முகர்ந்து பார்த்து என்ன தெரிகிறது என்று கேட்டாள். கோபாலசாமிக்கு இருமல் மருந்து தெரிந்தது. "எர்த்தி" என்றார். மண்வாசனை என்று பொருள்படும் அந்த வார்த்தையை யூடியூபில் பிடித்திருந்தார், எந்த ஒயினுக்கும் பொருந்தும் என்று அவருடைய கணிப்பு. அந்தப் பெண் தலையாட்டினாள். வெண்பா அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். தப்பித்தோம் என்று அவர் கிளாஸைக் காலி செய்தார், தொண்டை எரிந்தது.

இரண்டாவது தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, இடுப்பு உயரத்துக்குக் கொடி படர்ந்திருந்தது. கோபாலசாமி உள்ளே நுழைந்ததும் பழம் எங்கே என்று அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ரமோன் என்பவர் அதைக் கவனித்துவிட்டு என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"மை டாட் க்ரூ அப் இன் எ வின்யார்ட்" என்றாள் வெண்பா. "ட்வெல்வ் ஏக்கர்ஸ். இன் இந்தியா."

ரமோனின் முகம் மலர்ந்தது. மெக்சிகோவில் தன் மாமனாருக்கும் தோட்டம் உண்டு என்றார். இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து, ஒரு குலை நீங்கள் வெட்டுங்கள், ராசியாக இருக்கும் என்று நீட்டினார். மயில்சாமி தோட்டத்தில் கோபாலசாமி பழம் பறித்ததெல்லாம் வேலிச் சந்தில் கைவிட்டுத்தான், அதுவும் நாய் வருவதற்குள். கத்தரி பிடித்ததே இல்லை. மகள் ஃபோனில் படம் பிடிக்கிறாள் என்று தோரணையாகக் குனிந்தார், தாழத் தொங்கிய குலையைத் தாங்கினார், இலைக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்பட்ட கறுப்புக் காம்பைக் 'கச்'சென்று வெட்டினார்.

காம்பு அல்ல. சொட்டு நீர்ப் பாசனக் குழாய். தண்ணீர் பீறிட்டு அவர் மூக்குக்கண்ணாடியை நனைத்தது, வெண்பாவின் ஷூவை நனைத்தது. ரமோன் ஓடிப்போய் வால்வை மூடிவிட்டு வந்து, உங்கள் ஊரில் வாய்க்கால் பாசனமாக இருக்கும், இல்லையா என்று மரியாதையாகக் கேட்டார். கோபாலசாமி ஆமாம் என்றார். முன்பின் தெரியாத மனிதர் தன் மானத்தைக் காப்பாற்றியதில் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது ஒயினரிக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். வெண்பா இன்னும் சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா, ஒரு சர்ப்ரைஸ். டிசம்பர்ல டிக்கெட் போட்டுட்டேன். மதுரைக்கு, மூணு பேருக்கும். ஐ வாண்ட் டு சீ நம்ம தோட்டம்."

கோபாலசாமி நின்றுவிட்டார். தோட்டத்தை விற்றாகிவிட்டது என்று சொல்லலாம். வறட்சியில் காய்ந்துவிட்டது, ரோடு போட எடுத்துக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். மூன்று பொய்யும் வரிசையில் வந்து நின்றன, மூன்றுமே நல்ல பொய்கள். ஈர ஷூவோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்தபோது ஒன்றும் வாயில் வரவில்லை.

"வெண்பா, அது நம்மது இல்லம்மா."

"வாட் டு யூ மீன்? வித்தாச்சா?"

"எப்பவுமே நம்மது இல்ல. மயில்சாமின்னு ஒருத்தரோடது. ஊர்ல எல்லாத்தையும் நம்மன்னுதான் சொல்லுவோம். நீ நிஜம்னு நெனச்சுட்ட. நான் அப்படியே விட்டுட்டேன்."

"பட் மை எஸ்ஸே... யூ ரெட் இட், அப்பா."

"படிச்சேன்."

வெண்பா முன்னால் நடக்க ஆரம்பித்தாள். அரை மைலுக்கு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அவர் நடந்தார். கைடு இல்லாத நடை என்று இதற்குத்தான் பெயர்போல என்று நினைத்தார். சிரிப்பு வரவில்லை. வேலியோரம் ஒரு மர பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அவரும் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்.

ஈர ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அவள் கேட்டாள், தமிழில். "அப்போ தாத்தா என்ன பண்ணாரு?"

"பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். காக்கிச் சட்டை, விசில், ஒரு நோட்டு. எந்த பஸ் எப்ப வந்துது, எப்ப போச்சுன்னு எழுதணும். நேரமானா விசில் அடிப்பார், வண்டி கிளம்பணும். கலெக்டரே ஓடி வந்தாலும் நிறுத்த மாட்டார்."

"இதை ஏன் சொல்லல? தட்ஸ் எ ரியல் ஜாப். வேர் யூ அஷேம்ட் ஆஃப் ஹிம்?"

"சேச்சே" என்றார் கோபாலசாமி. அது பழக்கத்தில் வந்தது. பிறகு, "ஆமா" என்றார்.

இருபது வருடமாகத் திராட்சையைப் பற்றி அத்தனை கதை சொன்னவருக்கு, தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருந்தது. அதைக் கண்மணியிடம்கூடச் சொன்னதில்லை.

"கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சப்போ ஃப்ரெண்ட்ஸோட தேக்கடி டூர் போனோம். லைன் பஸ்தான். கம்பத்துல நின்னுது. நான் ஜன்னல் சீட்டு. தாத்தா டைம் கீப்பர் கூண்டுலேர்ந்து வெளிய வந்து என்னைப் பார்த்துட்டார். கையைத் தூக்கினார். பக்கத்துல உட்கார்ந்தவன், 'யாருடா அந்த விசில்காரர், உன்னையே பார்க்கிறாரு'ன்னு கேட்டான். தெரியாதுன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டேன்."

"அவருக்குக் கேட்டுதா?"

"ஜன்னல் திறந்திருந்துது." கோபாலசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய்த் தண்ணீர் எப்போதோ காய்ந்திருந்தது. "பஸ் கிளம்பற நேரம் ஆயிடுச்சு. அவர் விசில் அடிக்கல. டிரைவர் ஹாரன் அடிக்கிறான், கண்டக்டர் கத்தறான். விசிலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே இருந்தார். ரெண்டு நிமிஷம். அவர் சர்வீஸ்ல வேணும்னே லேட்டா விட்டது அந்த ஒரு பஸ்தான்."

எதிர் வரிசையில் யாரோ கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெண்பா நகர்ந்து வந்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இறங்கியிருக்கலாம்ல, அப்பா?"

"இறங்கியிருக்கலாம்" என்றார் கோபாலசாமி.