எமீலியா சுட்டுப் பார்த்த துப்பாக்கி

எமீலியா போர்சுக் பள்ளி நாட்களிலிருந்தே குறி பார்த்துச் சுட்டவள். மாநிலப் போட்டிகளில் வாங்கிய பதக்கங்கள் வீட்டு அலமாரியில் ஆணிகளில் தொங்கின. சோவியத் நாடு உடைந்ததும் அவளுடைய அணியும் கலைந்தது. சுட மட்டுமே தெரிந்த பெண்ணுக்கு உக்ரைனின் வின்னித்ஸா நகரில் யார் வேலை தருவார்கள்? சந்தையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை வறுத்து, பழைய செய்தித்தாளில் பொட்டலம் மடித்து விற்றாள். ஒருநாள் விதை வாங்க வந்த அவளுடைய பழைய பயிற்சியாளர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். அவருக்கும் சங்கடம்தானே என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஊரிலேயே போலீசுக்குக் கைத்துப்பாக்கி செய்யப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதுவரை உக்ரைன் போலீஸ்காரர் இடுப்பில் இருந்ததெல்லாம் பழைய மகாரோவ் கைத்துப்பாக்கி. அதைச் செய்யும் ஆலை எல்லைக்கு அந்தப் பக்கம், ருஷ்யாவில் நின்றுவிட்டது. புதிய நாட்டுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும். செக் நாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்து இறங்கின. பழைய தோட்டாவே போதும், ஆனால் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு பிடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வடிவமைப்பாளர் ஹோர்தி ஒல்லியான மனிதர். கவலைப்பட்டே இளைத்தவர் என்று ஆலையில் சொல்வார்கள். எமீலியாவை வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

"செய்யற ஒவ்வொண்ணையும் சுட்டுப் பாக்கணும். ஆனா ஆலைல பணமில்ல, சம்பளம் சில மாசம் சர்க்கரை மூட்டையாத்தான் வரும், எமீலியா ரொமானிவ்னா" என்றார், அந்த ஊர் மரியாதைப்படி அப்பா பெயரையும் சேர்த்து.

"பரவாயில்லங்க. விதையப் பொட்டலம் கட்டின கை, சர்க்கரையக் கட்டாதா?"

ஆலையின் அடித்தளத்தில், நீளமான ஓர் அறையில், காதை மூடிக்கொண்டு நாள் முழுக்கச் சுட்டாள். முதலில் வந்த மாதிரிகள் பாடாய்ப் படுத்தின. நாலு வெடி நன்றாக வெடிக்கும், அடுத்ததில் காலித் தோட்டா வெளியே விழாமல் குறுக்கே மாட்டிக்கொள்ளும். பின்னால் நிற்கும் ஹோர்தியின் முகம் வெளுக்கும்.

"மாட்டிக்கிச்சு."

"கண்ணு தெரியுது எனக்கு. குடுங்க."

வாங்கிக்கொண்டு மேலே போவார். திரும்ப வர ஒரு வாரமாகும். பிடி இவ்வளவு பருமனாக இருக்கிறதே, சின்னக் கைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருமுறை கேட்டாள். "பன்னண்டு தோட்டாவ வேற எங்க வைக்கிறது, உங்க கைப்பைலயா?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவளுடைய கைதான் பழகிக்கொண்டது.

பிறகு கீவ் நகரத்திலிருந்து அதிகாரிகள் சோதிக்க வந்தார்கள். துப்பாக்கியைப் பனிப்பெட்டியில் உறைய வைத்தார்கள். சேற்றில் புரட்டினார்கள். அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். கடைசித் தோட்டா வரை ஒன்றுகூட மாட்டவில்லை. அதிகாரிகள் கை குலுக்கிவிட்டுப் போனதும் ஹோர்தி நடைவழியில் தரையிலேயே உட்கார்ந்து, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு வைத்த ரொட்டியை ஒரே மூச்சில் தின்றார். முந்தின நாளிலிருந்து அவர் தொண்டையில் எதுவும் இறங்கவில்லையாம்.

எமீலியாவின் கணவன் லுக்யான் ரோந்துப் போலீஸ். பெரிய உடம்பு, மெதுவான நடை, எதற்கும் ஒரு கிண்டல். புதிய துப்பாக்கி கிடைத்த முதல் ஆட்களில் அவனும் ஒருவன். அன்று சமையலறைக்குள் வந்து இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

"இதயும் நீதான் சுட்டுப் பாத்தியா?"

"எல்லாத்தையும் நான்தான் சுடறேன்."

"அப்ப இது உனக்கு அடங்கின ஜென்மம். என் பேச்ச எங்க கேக்கப் போவுது? இந்த வீட்ல வேற எது கேக்குது?"

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முதல் அவள் வேலை மாறிப்போனது. அதுவரை முகம் தெரியாதவர்களின் இடுப்புக்குப் போன பொருள் அது. இப்போது ஒவ்வொன்றையும் கையிலெடுக்கும்போது, நம்ம ஆள் கையில் இது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்துவிடும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், மதியம், சுட்டுக்கொண்டிருந்தவளின் தோளை யாரோ தொட்டார்கள். ஹோர்தி.

"லுக்யான் இன்னிக்கு ரோந்துல இருக்காரா?"

"இருக்காரு. ஏன்?"

"ரயில் நிலையத்துப் பக்கத்துல ரொட்டிக் கடைல துப்பாக்கிச் சத்தமாம். போலீஸ் உள்ள போயிருக்குன்னு போன் வந்துச்சு. வேற ஒண்ணும் தெரியல."

"நம்ம துப்பாக்கியா?"

கேட்ட பிறகுதான், கணவனைப் பற்றிக் கேட்காமல் இதைக் கேட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹோர்தி தன் பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டார். வண்டி பாலத்தைத் தாண்டியது.

"அது சரியா வெடிச்சிருக்கணும்னு வேண்டிக்கறதா, வெடிச்சிருக்கவே கூடாதுன்னு வேண்டிக்கறதா?" என்று கேட்டாள். அவர் வண்டியை முடுக்கினார்.

கடை வாசலில் கூட்டம். ஆம்புலன்ஸ் படியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. உடம்பு முழுக்கக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து எமீலியா அழுதுகொண்டே ஓடினாள். அந்த வெள்ளை உருவம் தும்மியது.

"அழாத எமீல்கா. மாவு" என்றது லுக்யானின் குரல்.

நடந்தது இதுதான். இல்கோ என்பவன் வேலை போனதிலிருந்து குடியில் விழுந்தவன். அவனை விட்டுப் போன மனைவி நீனா அந்தக் கடையில் ரொட்டி விற்றாள். அன்று வேட்டைத் துப்பாக்கியோடு வந்து அவளை மூலையில் நிறுத்திவிட்டான். லுக்யான் உள்ளே போய், "இல்கோ, கீழ வை, பேசிக்கலாம்" என்றதும் இல்கோ குழலை அவன் பக்கம் திருப்பினான். லுக்யான் தன் துப்பாக்கியை உருவிக் கூரையைப் பார்த்து ஒருமுறை சுட்டான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கட்டடம். கூரையின் காரை பாளமாகப் பெயர்ந்து இருவர் தலையிலும் விழுந்தது. இல்கோவின் துப்பாக்கி வெடித்து மாவு மூட்டைகளைத் துளைத்தது. அந்த மாவுப் புகைமூட்டத்தில் நீனா ரொட்டித் தட்டால் இல்கோவின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். துப்பாக்கி கீழே விழுந்தது. லுக்யான் தன் பெரிய உடம்போடு அவன்மேல் விழுந்து அமுக்கிவிட்டான். அவ்வளவுதான். ஒருவர் உடம்பிலும் குண்டு படவில்லை.

"நான் கூரையச் சுட்டேன், அது என்னத் திருப்பி அடிச்சிருச்சு" என்றான் லுக்யான்.

"நேரா அவன் குழலு உன் நெஞ்சுக்கு இருந்துச்சே, ஏன்யா மேல சுட்ட?" என்றாள் எமீலியா.

அவன் தலையிலிருந்து காரையைத் தட்டிவிட்டான். "விரல் போவல. நம்ம கல்யாணத்துல அக்கார்டியன் பெட்டி வாசிச்சவன் அவன்."

போலீஸ் வண்டிக்குள் இல்கோ முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தான். ஹோர்தி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"மாட்டிக்கலையே?"

"ஒண்ணுதானே சுட்டேன்."

"அடுத்த தோட்டா ஏறி நின்னுச்சா?"

"நின்னுச்சு. தேவைப்படாமப் போச்சு, நல்லவேளை."

ஹோர்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டில் எமீலியா அவன் தலையைக் கழுவக் கழுவ மாவு பசையாகிக்கொண்டே போனது. "விடு, உள்ள உருளைக்கிழங்க வச்சு கொழுக்கட்டையா வேக வச்சிடலாம்" என்றான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகும் வரை அவன் ஈரத்தலையோடு காத்திருந்தான்.

போலீஸ்காரன் சுடும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசாரணை உண்டு. அதுவும் சுமுகமாக முடிந்தது. இல்கோ சில வருஷம் உள்ளே இருந்துவிட்டுக் குடியை விட்டு வந்தான். நீனா அவனிடம் திரும்பவில்லை. அது அவளுக்கு நல்லதாகவே அமைந்தது.

எமீலியா காது மந்தமாகத் தொடங்கும் வரை அந்த அடித்தளத்தில் சுட்டாள். லுக்யான் ஓய்வு பெற்ற நாளில் அவள் காவல் நிலையத்து வாசலில் காத்திருந்தாள். உள்ளே ஆயுதக் கிடங்குக்காரன் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டானாம்.

"வேலைல இதால யாரையாச்சும் சுட்டிருக்கீங்களா?"

"ஒரு கூரைய."

லுக்யான் இதைச் சொல்லிக்கொண்டே வெளியே வந்தான். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொல்லச் சொன்னாள். தெருவே திரும்பிப் பார்த்தது. இருவரும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்கள்.