தூரத்திலிருந்து எழுதியது

சாப்பாட்டு நேரத்தில் பேப்பரில் வரும் வினாடி வினாவைப் படிப்பது என் வழக்கம். அன்று டெலிகிராப் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள். கிரேக்கத்தில் டெலி என்றால் தூரம், கிராப் என்றால் எழுதுவது. தூரத்திலிருந்து எழுதுவது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை கிடையாது. தூரத்தில் இருப்பவரா எழுதினார்? கடிதமென்றால் கையெழுத்தையாவது பார்க்கலாம். தந்தியில் இருப்பது தந்தி ஆபீஸ்காரர் எழுத்து. யார் பெயரில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நானே அனுப்பவைத்திருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நான் ஷிப்ட் இன்சார்ஜ். லீவு கேட்பவர்களைச் சந்தேகப்படுவது என் வேலையில் பாதி. பேப்பரை மடிப்பதற்குள், பாரிவாக்கத்திலிருந்து வரும் ஆபரேட்டர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"சார், அம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். வேலூர்ல அக்கா ஊட்ல கீது. மெசேஜ் வந்துகீது, பாருங்க."

போன மாதம் மாமா செத்துவிட்டார் என்று லீவு போட்டவன் இவன். அன்று மாலையே கையில் பேட்டோடு நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான்.

"அவ்வளவு அவசரம்னா போன் பண்ணாம எதுக்குப்பா மெசேஜ்?"

"அக்கா ஆஸ்பத்திரில அலைஞ்சுகினு கீது சார். நான் அடிச்சா எடுக்க மாட்டேங்குது."

மெசேஜை இரண்டு முறை படித்தேன். 'அம்மா சீரியஸ், உடனே கிளம்பு.' எனக்குப் பழக்கமான வார்த்தைகள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசர லீவு வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு தந்தியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். டவுனில் வேலை பார்த்த நண்பனுக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுவேன். சொன்ன நாளில் கம்பெனி விலாசத்துக்குத் தந்தி வரும். 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.' கீழே 'ஃபாதர்'. அம்மாவைப் படுக்கையில் போட்டுத்தான் இரண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் நின்று வரவேற்பாள்.

ஒருமுறை சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். புதன்கிழமை அனுப்பு என்று நண்பனிடம் சொல்லியிருந்தேன். செவ்வாயே வந்துவிட்டது. ஒரு நாள் முந்திவிட்டானே என்று சிரித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் கேலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன்.

சனிக்கிழமை வேலைக்கு வந்தபோது என் பெயருக்கு இன்னொரு தந்தி காத்திருந்தது. அதே நான்கு வார்த்தைகள், அதே ஃபாதர். புதன்கிழமை அனுப்பியது. நண்பன் சொன்ன சொல் தவறாதவன்.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமைத் தந்தியை அனுப்பியது அப்பா. இங்கிலீஷ் தெரியாத மனிதர். தந்தி ஆபீஸில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் அந்த நான்கு வார்த்தைகளையே அவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அப்பா கேட்டார். தந்தி நேற்றுத்தான் கிடைத்தது என்றேன். அவர் அதை நம்பிவிட்டார். அதை இன்று வரை என்னால் தாங்க முடியவில்லை.

"சார்," என்றான் ஆபரேட்டர். "வேணும்னா வீடியோ கால் போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம், நீ கிளம்பு. செந்நீர்குப்பத்துல நின்னா வேலூர் பஸ் கிடைக்கும்."

அவன் நம்பாமல் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். பிறகு ஓடினான்.

அவன் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை. சாயங்காலம் வரைக்கும் அவன் ஸ்டேட்டஸைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பேட்டோடு ஒரு படம் வந்துவிடாதா என்று.