ரைன் கரையில் ஒரு தேங்காய்

இங்கே தினமும் காலையில் ரைன் ஆற்றில் பாட்டிலை முக்கித் தண்ணீர் எடுக்கிறேன். எதற்கென்று ஒருவரும் கேட்பதில்லை. நாயோடு நடப்பவர்கள் "மோர்கன்" என்று வணக்கம் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வந்த புதிதில் அதை மரியாதை என்று நினைத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில்தான், அதற்கு மேல் யாரும் எதுவும் பேசப்போவதில்லை என்பது உறைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒருவன் பாட்டிலோடு கிணற்றடியில் நின்றால், அவன் யார் மகன், கல்யாணம் ஆயிற்றா, மாமனார் வசதியா என்பதுவரை விசாரித்து முடித்திருப்பார்கள்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. மதுரையில் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்தபோது, அது என்ன படிப்பென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். வேலை கேட்டு ஓர் அரசு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்படியொரு பதவியே கிடையாது என்றார். ஏதாவது ஓர் ஊர்த் தண்ணீரைச் சோதித்துக் கொண்டுவந்தால், தேவை இருக்கிறதென்று மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகவும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கல்லூரியில் இரவல் வாங்கிய பாட்டில்களுடன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் போய் இறங்கினேன்.

பாட்டில்களைப் பார்த்ததும், நிலத்தடி நீரோட்டம் பார்க்க வந்தவன் நான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கிணறு வெட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒச்சப்பன் என்ற விவசாயி, குடுமித் தேங்காய் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் படுக்க வைத்தார். அடியில் தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் அது தானாக எழுந்து நிற்குமாம். நான் படித்தது வேறு என்று விளக்கிப் பார்த்தேன்.

"படிப்பு அது பாட்டுக்கு இருக்கட்டும்ணே. நீங்க சும்மா நடங்க."

நடந்தேன். முன்னால் முதுகலைப் பட்டம், பின்னால் ஊர். புஞ்சையின் கடைசி வரப்பு வந்தும் தேங்காய் அசையவில்லை. "ராசியில்லாத கை" என்று பின்னாலிருந்து ஒரு குரல் தீர்ப்புச் சொன்னது. வேலை தேடிய காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான நற்சான்று அது.

தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரார் குடிக்கும் கிணற்றில் தண்ணீர் எடுத்து வந்தேன். சோதித்ததில் ஃபுளூரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை அதனால்தான், விட்டால் எலும்பையும் வளைத்துவிடும் என்று ஒச்சப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இதக் குடிக்காம நாங்க எங்கண்ணே போக? நீங்க படிச்சவுக. போயிருவீக."

போகமாட்டேன், இந்தத் தண்ணீரைப் பார்க்கிற வேலைக்குத்தான் அலைகிறேன் என்று அடித்துச் சொன்னேன். மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சோதனை முடிவை நிதானமாகப் படித்தார்.

"தம்பி, தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்ல உங்களப் போட்டா, நல்ல தண்ணி எங்கேன்னு அப்புறம் என்னையில்ல கேப்பாங்க?"

அன்றைக்கும் டீ வந்தது. அதோடு சரி. ஜெர்மனியில் ஆற்றுநீர் ஆய்வுப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். இங்கே என் படிப்புக்கு மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. தண்ணீரில் ஏதோ கூடியிருக்கிறது என்று நான் எழுதினால் மறுநாளே தொழிற்சாலைக்கு ஆள் போகிறது. என் கைராசியைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. வெளிநாட்டில் பிழைக்கும் யாருக்கும் இது புரியும்.

போன வாரம் கடையில் ஒரு தேங்காயைப் பார்த்தேன். குடுமியைச் சுத்தமாக மழித்து, விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள், என்னைப் போலவே. வாங்கிக்கொண்டு நேராகக் கரைக்குப் போய், உள்ளங்கையில் படுக்க வைத்து நின்றேன். தினமும் "மோர்கன்" சொல்லிப் போகும் பெண்மணி முதன்முறையாக நின்று, என்ன செய்கிறாய் என்று கேட்டார். தண்ணீர் தேடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் ஆற்றைக் கைகாட்டிவிட்டு, வழி தெரியாதவனுக்கு உதவிய திருப்தியோடு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

கை மரத்துப்போகும்வரை நின்றேன். கரை முட்ட ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தேங்காய் படுத்தபடியே கிடந்தது. பின்னாலிருந்து தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்லை.