லாரல் கேட்ட சிபாரிசுக் கடிதம்

கென்டக்கி மலைப்பக்கத்தில் லாரல் ஸ்டாம்பர் படித்த மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைக்கென்று ஒரு துறையே கிடையாது. அவளோ அந்த அறுவை சிகிச்சைதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதில் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. துறைத்தலைவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். துறையே இல்லாத இடத்தில் தலைவருக்கு அவள் எங்கே போவாள்?

அதனால் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நான்கு நான்கு வாரம் விருந்தாளி மாணவியாக வேலை பார்த்தாள். விருந்தாளி என்று பேர்தான். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி மாதம் முழுக்க எடை போடுவார்கள். இரண்டு ஊரில் சிரித்துக் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். சின்சினாட்டி மூன்றாவது, அதுவே கடைசி. செப்டம்பர் முடிவதற்குள் கடிதம் வந்தாக வேண்டும். ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா தினமும் போன் செய்து, "எழுதித் தந்துட்டாராடி?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி லாரலுக்கு வாய் கசந்துபோனது.

மூன்றாம் வாரம் ஒரு கழுத்து அறுவையின்போது துறைத்தலைவர் ஹாலரன், மூத்த பயிற்சி டாக்டர் பிரெஸ்காட்டிடம், குரல் நரம்பை எங்கே தேடுவாய் என்று கேட்டார். பிரெஸ்காட் வாய் திறக்கவில்லை. மூன்று வருடம் தனியாக உட்கார்ந்து புத்தகத்தைக் கரைத்துக் குடித்த லாரல் பட்டென்று சொல்லிவிட்டாள். ஹாலரன் தலையாட்டினார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கை கழுவும் இடத்தில் கோரின் பிடித்துக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியின் சொந்தக் கல்லூரியிலேயே படிப்பவள் அவள்.

"ஏன்டி, உனக்கென்ன கிறுக்கா? டாக்டர்கிட்ட கேட்டதுக்கு ஸ்டூடண்ட் பதில் சொல்வாளா? அவர் முழிச்சிட்டு நின்னாலும் நாம வாயத் தொறக்கக் கூடாது. இத எங்க சீனியருங்க முதல் வருஷமே சொல்லிடுவாங்களே."

லாரலுக்குச் சொல்ல எந்த சீனியர் இருந்தார்? பிரெஸ்காட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்று அவள் முகத்தைப் பார்க்காமலே அவன் சொன்னான்.

கடைசி வெள்ளிக்கிழமை காலை ஹாலரன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு விஷயம் நல்லாத் தெரியுதும்மா. ஆனா அஞ்சு வருஷம் கூட நின்னு வேலை செய்யப்போறது எங்க பயிற்சி டாக்டர் பசங்கதானே? அவங்களக் கேட்டுத்தான் எழுதுவேன். யாரும் உன் பேரச் சொல்லல. நான் எழுதுனா ரெண்டு வரிதான் வரும். உங்க காலேஜ் துறைத்தலைவர்கிட்டயே வாங்கிக்கோயேன்."

"எங்க காலேஜ்ல அந்தத் துறையே இல்ல சார். அதான் இங்க வந்தேன்."

அவர் அதை மறந்தே போயிருந்தார். இரண்டு வரிக் கடிதம் கடிதமே இல்லாததைவிடக் கேவலம் என்று லாரலுக்குத் தெரியும். இருந்தும், "அந்த ரெண்டு வரியாவது குடுங்க சார்" என்று கெஞ்சினாள். அந்தக் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதியம் ஒரு அறுவை பாக்கியிருந்தது. ஹாலரன் மறுபடியும் பிரெஸ்காட்டை ஏதோ கேட்டார். விடை லாரலின் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் பிரெஸ்காட் நிதானமாக, ஒரு பிழையில்லாமல் சொன்னான். அவன் எப்போதுமே யோசித்துப் பேசுகிறவன். அந்தக் கழுத்து அறுவையன்றும் அவனுக்கு விடை தெரிந்துதான் இருந்திருக்கும்.