செசிலி எந்த நாடு?

கடியப்பட்டணத்துத் திருவிழாக் கமிட்டிக்கு ஆண்டுக்கொரு கிறுக்கு பிடிக்கும். 2011-இல் பிடித்தது ஷட்டில் கிறுக்கு. ‘பன்னாட்டுக் கலப்பு அணி இறகுப்பந்துப் போட்டி’ என்று ஜங்ஷனில் பிளெக்ஸ் ஏறியது. குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், சவுதி என்று வரிசையாகக் கொடிகள். அந்த நாடுகளிலிருந்து ஒரு ஆள்கூட வரப்போவதில்லை. ஆடப்போகிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள்தான். அங்கே படகில், ஊர்ப்பேச்சில் ‘போட்டில்’, மீன்பிடிக்கப் போய், திருவிழாவுக்கு லீவில் வந்தவர்கள். எவன் பாஸ்போர்ட்டில் எந்த நாட்டு விசா இருக்கிறதோ, அவன் அந்த நாட்டு அணி.

கலப்பு அணி என்றால் பெண்களும் ஆட வேண்டுமே? அதற்குக் கமிட்டிச் செயலாளர் டைட்டஸ் மைக்கில் ஒரு சட்டம் போட்டார்: கல்யாணமானவளுக்குப் புருஷன் இருக்கும் நாடு, ஆகாதவளுக்கு அப்பன் இருக்கும் நாடு. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் அக்காளும் தங்கச்சியும் எதிரி நாடுகளானார்கள். மாமியார் குவைத்துக்கும் மருமகள் ஓமனுக்கும் ஒரே அடுப்பில் சாயா போட்டார்கள். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் இல்லை, செசிலியைத் தவிர.

செசிலிக்கு முப்பத்தாறு வயது, கருவாட்டு வியாபாரம். பள்ளிக்கூடத்தில் ஷட்டிலில் மாவட்ட அளவு வரை போனவள். கல்யாணத்துக்குப் பிறகும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. மணலில் நெத்திலி காயப்போட்டுவிட்டு அதே மட்டையால் காக்காய் விரட்டுவாள். தலைக்கு மேல் பாய்ந்து வரும் எதையும் ஓங்கி அடித்துப் பழகிய கை. அந்தக் கைக்கு எதிரே நின்று பந்தை எடுப்பது லேசில்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால் எல்லா நாடுகளும் அவளைக் கேட்டன.

“நான் பஹ்ரைன்” என்றாள் செசிலி. அவள் வீட்டுக்காரர் ஞானதாசன் பஹ்ரைனில் போட்டு ஓட்டுகிறார். போன வாரம்கூட நெட் காலில் பேசினார். நெட் கால் என்றால் திரையில் விழும் எண் எந்த நாட்டு எண் என்று கடவுளுக்கும் தெரியாது. “இங்க சரியான சூடு, பாத்துக்கிடு” என்றார். நம்பாமலிருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

காரணம் கோயில் மைதானத்தில் காத்திருந்தது. பஹ்ரைன் அணிக்குப் பயிற்சி நடந்தது. வலை மட்டும் உள்ளூர்ச் சரக்கு, கிழிந்த மீன்வலையில் ஒரு துண்டு. பக்கத்து வீட்டுக் குளோரி செசிலியை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“மைனி, சொன்னா கோவப்படப்படாது. ஞானதாசன் அண்ணன் பஹ்ரைன்ல இல்லியாம். முதலாளி போட்ட வித்துட்டு விசாவ கேன்சல் பண்ணி விட்டாச்சாம். எங்க வீட்டு ஆளு சொல்லுகாரு.”

“எப்பமாம்?”

“கிறிஸ்மஸுக்கு முன்னயே. ஊருக்கு வந்திருப்பாருண்ணுல்லா அங்க உள்ளவிய இவ்வளவு நாளும் நெனச்சிருக்காவ.”

செசிலி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியானால் போன வாரம் எந்த ஊர்ச் சூடு? கத்தார்க்காரர்களிடம் கேட்டாள், பார்க்கவில்லை என்றார்கள். ஓமன்காரர்கள், “தெரியாது மைனி. ஆனா நீங்க எங்களுக்கு ஆடுங்க, பெறவு பாத்துக்கிடலாம்” என்றார்கள். டைட்டஸ் தலையைச் சொறிந்தார்.

“ஒங்களுக்கு ஒரு நாடு வேணும் மைனி. நாடில்லாம மைக்குல எப்பிடிப் பேரு விளிக்க?”

அடுத்த முறை ஞானதாசன் பேசியபோது அவள் சுகம் விசாரிக்கவில்லை.

“நீங்க எந்த நாட்டுல இருக்கிய?”

“இது என்ன கேள்வியாட்டி?”

“ஷட்டில் வெளையாடணும். சொல்லுங்க.”

“ஷட்டிலுக்கும் நாட்டுக்கும் என்னட்டி சம்பந்தம்? ஒனக்குக் கிறுக்கா?”

அவள் சட்டத்தை விளக்கினாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினாள். அவருக்குப் பின்னால் ரயில் ஒன்று ஊதியபடி போனது. பஹ்ரைனில் ரயில் கிடையாது என்று அவரேதான் ஒருநாள் சொல்லியிருந்தார்.

“பம்பாய்ல” என்றார் கடைசியில். “ஏஜெண்டுக்க ரூம்ல. புது விசா இண்ணைக்கு வரும், நாளைக்கு வரும்ணு சொல்லுகான்.”

“பம்பாய்ல இருந்துகிட்டா பஹ்ரைன்ல சூடுண்ணிய?”

“இங்கயும் சூடுதானட்டி.”

“வீட்டுக்கு வந்தா என்ன?”

“வெறுங்கையோட எப்பிடி வர?”

செசிலிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வரவேண்டும் என்று தெரியாமல் போனை வைத்துவிட்டு நேரே கமிட்டி அறைக்குப் போனாள்.

“டைட்டஸ் தம்பி, நான் இந்தியா.”

“பன்னாட்டுப் போட்டியில இந்தியா எதுக்கு மைனி?”

“அதும் ஒரு நாடுதான?”

கமிட்டி கூடிப் பேசியது. பிளெக்ஸில் இந்தியக் கொடி இல்லையே என்றார் ஒருவர். வெளிநாடு போகாதவனுக்கு வெளிநாட்டுப் போட்டியில் என்ன வேலை என்றார் இன்னொருவர். கடைசியில், ஆள் சேர்ந்தால் ஆடிக்கொள்ளட்டும் என்று தீர்ப்பானது. சேராது என்ற தைரியம்தான். ஆனால் சேர்ந்தது. விசா நிராகரிக்கப்பட்டவன், மெடிக்கலில் தோற்றவன், ஏஜெண்டிடம் ஏமாந்தவன், அவரவர் வீட்டுப் பெண்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஊரில் இத்தனை இந்தியர்கள் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. கலப்பு இரட்டையரில் செசிலிக்குத் துணை தாணுலிங்கம், மின்வாரிய லைன்மேன். சீரியல் லைட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்தவர். ஊர்க்காரர்கூட இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டே எடுக்காதவர். அவரைவிடச் சுத்தமான இந்தியரை எங்கே தேட?

இறுதிப் போட்டி இந்தியாவுக்கும் பஹ்ரைனுக்கும். நான்கு ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் கலப்பு இரட்டையர். வலைக்கு அந்தப் பக்கம் குளோரியும் அவள் வீட்டுக்காரரும். கடல்காற்றில் பந்து போகிற திசை பந்துக்கே தெரியவில்லை. இந்தியா பதினேழு, பஹ்ரைன் பதினைந்து என்றிருந்தபோது, நடுவர் மேசையில் செசிலி கொடுத்து வைத்திருந்த போன் அடித்தது. டைட்டஸ் எடுத்தார். கேட்டார். மைக்கை மூடாமலே கத்தினார்:

“மைனி, அண்ணனுக்கு விசா அடிச்சாச்சாம்! பஹ்ரைனு!”

ஊரே கைதட்டியது. கைதட்டல் அடங்கும்போது குளோரியின் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

“அப்பம் மைனி இப்பம் எங்க டீமுல்லா?”

சட்டப்படி சரிதான். அப்படியானால் செசிலி எடுத்த புள்ளிகள் யாருக்கு? பஹ்ரைனே பஹ்ரைனை அடித்ததா? டைட்டஸ் மைக்கைப் பார்த்தார், மைக் ஒன்றும் சொல்லவில்லை.

“அம்மா, பாக்கிய நான் ஒத்தைக்கா ஆடணும்?” என்றார் தாணுலிங்கம், பயந்துபோய்.

செசிலிக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. விசாவுக்காக இத்தனை மாதம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள், விசா இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தால். இப்போது சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, சந்தோஷத்தைக் காணவில்லை. ஒரு ரயில் தூரத்தில் இருந்த மனுஷன், வராமலே விமானம் ஏறப்போகிறார். அவள் மேசைக்கு வந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“பிளேனு எப்பம்?”

“அடுத்த ஞாயிறு.”

“அதுவரைக்கும் எங்க இருப்பிய?”

“பம்பாய்லதான்.”

“பம்பாய் எந்த நாட்டுல இருக்கு?”

“…இந்தியாவுல.”

மைக் திறந்துதான் இருந்தது. ஊரே கேட்டது.

“கேட்டியளா தம்பி?” என்றாள் டைட்டஸிடம். “ஞாயிறு வரைக்கும் நான் இந்தியா.” பிறகு போனில், “இண்ணைக்கே நாகர்கோவில் வண்டி உண்டு. ஏறி வந்து, எங்களையும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போங்க.”

“வெறுங்கையோடயா?”

“கைய சோதிக்கதுக்கு இங்க கஸ்டம்ஸா வச்சிருக்கு?”

போனை மேசையில் வைத்துவிட்டுப் போய் சர்வீஸ் போட்டாள். பந்து காற்றில் சாய்ந்து, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாதபடி விழுந்தது. உள்ளே என்றது பாதிக் கூட்டம், வெளியே என்றது மீதி.

அவள் போனைக் கட் பண்ணவில்லை. மேசையில் கிடந்தபடியே அது, “என்னாச்சு? ஏலே டைட்டஸு, என்னாச்சுலே?” என்று கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டருகே குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்த டைட்டஸ் நிமிராமலே கத்தினார்:

“இங்க ஒண்ணும் வெளங்கல்ல அண்ணே! வந்து பாத்துக்கிடும்!”