முக்காட்டில் குத்திய ஊக்கு

எங்கள் ஊரில் வாப்பாவுக்கு எஞ்சின்காரர் என்று பெயர். நற்பிட்டிமுனையிலிருந்தெல்லாம் வயலுக்கு நீரிறைக்கும் பம்ப் எஞ்சின்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, நாளைக்கு வந்தால் ஓடும் என்ற நம்பிக்கையில் போவார்கள். மறுநாள் ஓடவும் செய்யும். ஆனால் ஓட வைத்தது வாப்பா அல்ல.

வெளிக்கதவைச் சாத்தியதும் உம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் குந்துவார். எங்களிடம் எப்போதும் எரிந்து விழுகிறவர், எஞ்சினிடம் மட்டும் பொறுமையாக இருப்பார். முக்காட்டில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய் வரும் சிறு துவாரத்தைக் குத்தித் துப்புரவாக்குவார். வாப்பா ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்ததை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

"ஆரும் கேட்டா வாப்பாதான் திருத்தின எண்டு செல்லு புள்ள" என்பார் உம்மா.

ஆறாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் ஒருநாள் மோட்டார் கார் வந்த கதையைச் சொன்னார். ஜெர்மனியில் ஒருவர் காரைச் செய்துவிட்டு, தூரத்துக்கு ஓட்டிப் பார்க்கத் தயங்கிக்கொண்டிருந்தாராம். மனைவி அவரிடம் சொல்லாமலே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டிப் போனாராம். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தாராம். புத்தகத்தில் புருஷனின் பெயர் மட்டும் இருக்கிறதே, இது நியாயமா என்று சேர் கேட்டார்.

நான் எழும்பி நின்று, எங்கள் உம்மாவும் அப்படித்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. பள்ளிவாசலடியில் யாரோ, அடுத்த எஞ்சினை உங்கள் பெண்சாதியிடமே நேரே கொடுக்கட்டுமா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். வாப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. முற்றத்தில் பாதி கழற்றிக் கிடந்த எஞ்சினை அப்படியே வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஸ்பேனர் பெட்டி சாச்சா வீட்டுக்குப் போனது. அதன்பிறகு எங்கள் முற்றத்துக்கு எந்த எஞ்சினும் வரவில்லை.

உம்மா அடுப்படியில் குந்தியிருந்து அழுதார். கையில் அந்த ஊக்கு இருந்தது. நான் பக்கத்தில் போய், உங்கள் பேரைத்தானே சொன்னேன் என்றேன்.

"பேர ஆரு கேட்ட, மகள்?"

பேர் வேண்டாமென்றால் பின்னே எதற்காக இந்த அழுகை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.